பதில்: கவ்பாய்ஸ் ரசிகன் ஈகிள்ஸ் ஊர்வலத்துக்குப் போகலாமா?

டாலஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாறி வந்து ஆறு மாதம், ஆபீஸ் நண்பர்கள் வெள்ளிக்கிழமை இந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸின் வெற்றி ஊர்வலத்துக்கு இழுக்கிறார்கள், அதன் பரம எதிரியான டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் ரசிகன் நான் போனால் அடி விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். அந்த கவ்பாய்ஸ் நட்சத்திரத் தொப்பி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் இன்னொரு எதிரணியான நியூயார்க் ஜெயன்ட்ஸ் கட்சி. 2018 பிப்ரவரியில் இதே பிராட் தெருவில் சாம்பல் நிற ஜாக்கெட்டில் நின்றேன், யாரும் சீண்டவில்லை. ஈகிள்ஸின் பச்சை சட்டை கடன் வாங்கிப் போடாதீர்கள், பிறகு போட்டோ காலத்துக்கும் துரத்தும். எதிரணி யாராக இருந்தாலும் ஈகிள்ஸ் ரசிகர்கள் டாலஸைத் திட்டித்தான் கோஷம் போடுவார்கள். இந்த முறை, 2025 சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், 40-22 என்று தோற்றது கான்சஸ் சிட்டி அணி, ஏச்சு உங்களுக்கு! சிரித்துவிட்டு விடுங்கள்.

சிட்டி ஹால் பக்கம் மூச்சு முட்டும், தெற்கே தள்ளி நில்லுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் போடுங்கள். போன் சிக்னல் கிடைப்பது சந்தேகம், எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். அப்புறம், விளக்குக் கம்பத்தில் ஏறுகிறவர்களுக்குக் கீழே நிற்க வேண்டாம்.

2018இல் கிடைத்தது ஈகிள்ஸுக்கு 1960க்குப் பிறகு வந்த முதல் பட்டம். என் பக்கத்தில் ஒரு பெரியவர், இறந்துபோன அப்பாவின் படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்திருந்தார். வீரர்களின் பஸ் நெருங்கியதும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், கை நடுங்கியது. நானும் கை தட்டினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.