பாட்டு வந்தாச்சு, பி.ஜி.எம். எப்போ வரும்?

போன இதழில் காதல் படங்களின் பின்னணி இசை ஆல்பங்களைப் பற்றி ரெண்டே வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட வேண்டும் போலிருக்கிறது. சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடி வெளியிடுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

படம் வருவதற்கு ரெண்டு மாசம் முன்பே பாட்டெல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் தியேட்டரில் கேட்டு மனசில் ஒட்டிக்கொண்ட பி.ஜி.எம்.மைத் தேடினால் கிடைப்பதில்லை. வந்தாலும் ரொம்ப நாள் கழித்து, தனி ஆல்பமாக. ஏன் இந்தப் பாகுபாடு?
கல்லூரி மாணவி, திருச்சி

வேலை நடக்கிற வரிசையே அப்படித்தான். பாட்டு பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிடும், அதை ஓடவிட்டுத்தான் நடிகர்கள் வாயசைக்கிறார்கள். பின்னணி இசை, அதாவது சினிமாக்காரர்கள் ‘ஆர்.ஆர்.’ என்று சொல்கிற ரீ-ரெக்கார்டிங், எடிட்டிங் முடிந்து படம் ஒரு வடிவத்துக்கு வந்த பிறகுதான் தொடங்கும். இசையமைப்பாளர் காட்சியை ஓட்டிப் பார்த்து, இந்த இடத்தில் இசை நுழையணும், அவள் திரும்பிப் பார்க்கும்போது நிற்கணும் என்று குறித்துக்கொண்டு உட்காருவார். அதற்குள் ரிலீஸ் தேதி போஸ்டரில் வந்திருக்கும். அந்த ஓட்டத்தில் ஆல்பத்தைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் உங்களை உருக்கிய அந்த இசை நாற்பது நொடிதான் இருக்கும். கதவு சாத்தும் சத்தத்தோடு அறுந்துபோயிருக்கும், அல்லது வசனத்துக்கு இடம்விட்டு நடுவில் மெலிந்திருக்கும். அதை அப்படியே எடுத்து ஆல்பத்தில் போட்டால் பாதி சாப்பாட்டில் எழுந்த மாதிரி ஆகிவிடும். ரெண்டு மூணு துண்டுகளைச் சேர்த்து, ஒரு தொடக்கமும் முடிவும் கொடுத்து, தியேட்டரின் பல ஸ்பீக்கர்களுக்காகச் செய்த மிக்ஸிங்கை உங்கள் ஹெட்போனுக்கு ஏற்ற மாதிரி திரும்பவும் செய்யணும். அது தனி உழைப்பு. அதைச் செய்து வெளியிடுகிறவர்களை நான் மனசாரப் பாராட்டுவேன். ஹாலிவுட்டில் 2016இல் வந்த ‘லா லா லேண்ட்’ படத்துக்குப் பாடல்கள் ஒரு ஆல்பம், பின்னணி இசை இன்னொரு ஆல்பம் என்று ரெண்டாகவே வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் ஆஸ்கர் மேடையில் ஜஸ்டின் ஹர்விட்ஸ் பாட்டுக்கும் பின்னணிக்கும் தனித்தனியாக விருது வாங்கினார்.

வார்த்தையே இல்லாத இசையை யார் சார் காசு கொடுத்து வாங்குவாங்க?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

வாங்கினார்கள் சார், அதுவும் கோடிக்கணக்கில். ‘டைட்டானிக்’ படத்தின் ஆல்பம் 1997 நவம்பரில் வந்தது. அதில் எல்லோருக்கும் தெரிந்த செலின் டியான் பாட்டு ஒன்றுதான், மிச்சம் ஏறக்குறைய முழுக்க ஜேம்ஸ் ஹார்னரின் பின்னணி இசை. அது 1998இல் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுக்க விற்ற பிரதிகள் மூன்று கோடிக்கு மேல் என்று சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பின்னால் இருக்கிற கதை. படத்தின் கடைசியில் பாட்டு வேண்டாம் என்பதில் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் உறுதியாக இருந்தார். ஹார்னர் விடவில்லை. பின்னணிக்காகத் தான் போட்டுவைத்திருந்த மெட்டுக்கு வில் ஜென்னிங்ஸிடம் வரிகள் வாங்கி, செலின் டியானைப் பாடவைத்து, சத்தமில்லாமல் பதிவுசெய்து கையில் வைத்துக்கொண்டு, கேமரூன் நல்ல மனநிலையில் இருந்த ஒரு நாளில் போட்டுக் காட்டினார். ஆக, உலகமே முணுமுணுத்த அந்தப் பாட்டு பின்னணி இசையின் வயிற்றில் பிறந்தது. ஆல்பத்தில் ‘ரோஸ்’ என்று ஒரு டிராக் இருக்கும், அதில் இதே மெட்டை நார்வே பாடகி சிஸ்ஸெல் வார்த்தை எதுவும் இல்லாமல் வெறும் குரலால் பாடியிருப்பார். முதலில் அதைக் கேளுங்கள், உடனே பாட்டைக் கேளுங்கள். ரெண்டாவது தடவை வார்த்தைகள் வந்து உட்காரும்போது, ஏற்கெனவே தெரிந்த ஒருத்தர் இப்போதுதான் பேச ஆரம்பிக்கிறார் போல இருக்கும்.

’96 படத்தில் எனக்குப் பிடித்தது புதுப் பாட்டா, ஜானு பாடுகிற பழைய பாட்டா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு?
இல்லத்தரசி, தஞ்சாவூர்

உங்கள் ஊர்க் கதை அல்லவா, நீங்கள் கேட்காமல் யார் கேட்பார்கள்!

எனக்கு அந்த ரெண்டையும் பிரிக்க முடியவில்லை, பிரிக்க முடியாதபடி செய்ததுதான் கோவிந்த் வசந்தாவின் வேலை என்று நினைக்கிறேன். 2018இல் வந்த படம். தைக்குடம் பிரிட்ஜ் இசைக்குழுவில் வயலின் வாசித்துப் பாடி வந்தவர் அவர், அந்த வயலின் படம் முழுக்க கதாநாயகன் ராமின் தனிமையோடு கூடவே நடக்கும். ஜானுவாக நடித்த திரிஷாவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் சின்மயி, ஜானுவுக்காகப் பாடியவரும் அவரே. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பேசுகிற குரலும் பாடுகிற குரலும் ஒன்றாக இருப்பதால், ஜானு பக்கவாத்தியம் இல்லாமல் பாட ஆரம்பிக்கும்போது ‘இது பின்னணிப் பாடகி’ என்று காது பிரித்துப் பார்ப்பதே இல்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து ராம் கேட்டுக்கொண்டே இருப்பது ‘தளபதி’யின் ‘யமுனை ஆற்றிலே’. அவள் வேண்டுமென்றே அதை மட்டும் பாடமாட்டாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து அவன் வீட்டில், கரண்ட் போன இருட்டில், திடீரென்று அந்தக் குரல் எழும்புகிறது. நான் பார்த்த தியேட்டரில் அந்த நேரம் ஒருத்தர் பாப்கார்ன் பொட்டலத்தில் கையை விட்டவர் அப்படியே வைத்திருந்தார், எடுக்கவில்லை. அங்கே ஆர்கெஸ்ட்ரா எதையாவது சேர்த்திருந்தால் காட்சி செத்துப்போயிருக்கும். 27 வருஷத்துக்கு முந்தைய இளையராஜா பாட்டுக்கு வழிவிட்டு ஒரு புது இசையமைப்பாளர் ஒதுங்கி நின்றாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஆல்பத்தைத் திரும்பக் கேட்பதாக இருந்தால் ‘காதலே காதலே’வுக்கு நேராகப் போகாதீர்கள். கார்த்திக் நேத்தா எழுதி பிரதீப் குமார் பாடிய ‘தி லைஃப் ஆஃப் ராம்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். அது காதல் பாட்டே இல்லை, தனியாக இருக்கப் பழகிக்கொண்ட ஒருவனின் பாட்டு. அதைக் கேட்ட பிறகு ‘காதலே காதலே’ வரும்போது அதன் எடை கூடிவிடும்.

பின்னணி இசை ஆல்பம் கேட்டால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது.
ஐ.டி. ஊழியர், சென்னை

திரும்ப வருவதில்தான் விஷயமே இருக்கிறது. ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாய் 2000இல் எடுத்த ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்தைப் பாருங்கள். அந்தப் பெண் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குறுகலான படியில் இறங்கி நூடுல்ஸ் வாங்கப் போவாள். தந்திகளைச் சுண்டுகிற, மூணு மூணாக எண்ணுகிற ஒரு வால்ட்ஸ் தாளம், அதன் மேல் ஒரே ஒரு வயலின். அடுத்த தடவையும் அதே மெட்டு, அதே படி, புடவை மாறுகிற மாதிரி அவளுடைய உடை மட்டும் மாறியிருக்கும். எதிரே அவன் வருவான், ஒதுங்கி வழிவிடுவான். மெட்டு மாறவே இல்லை, ஆனால் மூணாவது முறை கேட்கும்போது அவர்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ நடந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. ஷிகேரு உமேபயாஷியின் அந்த மெட்டு 1991இல் வந்த ‘யுமேஜி’ என்கிற வேறொரு ஜப்பானியப் படத்துக்குப் போட்டது, இங்கே வந்து இந்தக் காதலுக்கே பிறந்த மாதிரி ஆகிவிட்டது.

வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். இருபது நிமிஷம் போதும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்புறமும் தூக்கம் வந்தால் எழுதுங்கள், வேறு ஆல்பம் சொல்கிறேன்.

தேசிய விருதில் பாட்டுக்கும் பின்னணிக்கும் தனித்தனி விருது உண்டா?
பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

உண்டு தம்பி. 2009ஆம் வருஷப் படங்களுக்கான விருதிலிருந்து தொடர்ந்து தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். அந்த வருஷம் பாடல்களுக்கு ‘தேவ் டி’ அமித் திரிவேதி, பின்னணிக்கு ‘பழசி ராஜா’ இளையராஜா. 2022 படங்களில் பின்னணிக்கான விருது ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்காக ஏ.ஆர். ரஹ்மானுக்குப் போனது.

சினிமா இல்லாமல் ஒருத்தர் சொந்தமாகப் பாட்டு போட்டு ஆல்பம் விட்டால் தமிழில் யார் கேட்கிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.
பாட்டு ஆசிரியை, சேலம்

உண்மை என்னவென்றால், ஒரு பாட்டைக் கேட்கிறார்கள், ஆல்பத்தைக் கேட்பதில்லை. 2024இல் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ எந்தப் படமும் இல்லாமல் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது, அடுத்து ‘ஆச கூட’வும் அதே வேகத்தில் போனது. ரெண்டும் தனித்தனிப் பாட்டாக வந்தவை. சித் ஸ்ரீராம் 2023இல் ‘சித்தார்த்’ என்று ஒரு முழு ஆல்பம் விட்டார், பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்கள், ஆனால் குரலின் இழைவுகளில் கர்நாடக சங்கீதம் ஊறிக் கிடக்கும். அவர் பாடிய சினிமாப் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் அதை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேட்டிருப்பார்கள்? எனக்குத் தெரிந்தவர்களில் ரொம்பக் குறைவு, அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏனென்றால் சினிமாவில் அவர் இன்னொருவரின் காதலைப் பாடுகிறார், இங்கே அவருடையதைப் பாடுகிறார்.

ஆனாலும் போட்டது வீணாகாது டீச்சர். இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு ஆல்பம் செய்தார், தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக. படம் இல்லை, பாட்டு இல்லை, வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பேசும். ரெண்டு வருஷம் கழித்து பாலு மகேந்திரா அதிலிருந்தே எடுத்துத் தன் ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக வைத்துக்கொண்டார். படத்திலிருந்து ஆல்பம் வருவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம், இது ஆல்பத்திலிருந்து படத்துக்குப் போன இசை.

நானும் நண்பனும் ஒரு காதல் குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்தோம். அதோடு நாங்களே எழுதிப் பாடிய ஏழு பாட்டும் தயாராக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆல்பமாகப் போடலாமா? எதையெல்லாம் கவனிக்கணும்?
இரு நண்பர்கள், கோயம்புத்தூர்

முதலில் வாழ்த்துகள். ஏழு பாட்டை முடிப்பது எத்தனை ராத்திரிகளின் வேலை என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஆல்பமாக வேண்டாம். பாட்டு கேட்க வருகிறவர் நடுவில் மூணு நிமிஷம் வெறும் பியானோ வந்தால் தாண்டிவிடுவார், பியானோவுக்காக வருகிறவர் குரல் வந்ததும் வெளியே போய்விடுவார். ரெண்டாகப் போடுங்கள், குறும்பட இசை முதலில், பாடல்கள் ஒரு மாசம் கழித்து. பின்னணி இசையைப் படத்தில் வந்த வரிசையிலேயே அடுக்கணும் என்று கட்டாயம் இல்லை, காதுக்கு எது முதலில் நன்றாக இருக்கிறதோ அதை முன்னால் வையுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு உண்டு, உங்கள் பாட்டை ஆப்களுக்கு அனுப்புகிற விநியோக நிறுவனமே பொதுவாக அதைப் போட்டுத் தரும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாசத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பணம் கணக்கில் வரும், அதனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இசைக்காரர்களே ரசிகர்களுக்கு விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக விற்றால் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டு போடுகிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேருங்கள். யாராவது லேபிள்காரர் ஒப்பந்தம் நீட்டினால், 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கும் மெட்டு போட்டவருக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமை உண்டு, அதைக் கைகழுவி எழுதிக்கொடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இதையெல்லாம்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. வாசித்தவர்கள் எல்லோர் பெயரையும் போடுங்கள். பல வருஷத்துக்கு முன்னால் என் நண்பர் ஒருவர் ஒரு ஆல்பத்தில் புல்லாங்குழல் வாசித்தார், அதில் ரெண்டு பாட்டு அவர் மூச்சில்தான் நின்றது. கேசட் வந்த அன்று உள்ளட்டையைக் கடை வாசலிலேயே விரித்து மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்த கடைக்காரர் பெயர்கூட நன்றிப் பட்டியலில் இருந்தது, அவர் பெயர் இல்லை. அட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டு ‘பரவாயில்ல, வா போலாம்’ என்றார். உங்கள் குறும்படத்தில் வயலினோ வீணையோ யார் வாசித்திருந்தாலும் சரி, ஒரே ஒரு மதியம் வந்து போயிருந்தாலும் சரி, பதிவேற்றுகிற படிவத்தில் அவர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப்பிழை இல்லாமல் அவரிடமே கேட்டுப் போட்டுவிட்டு, அப்புறம் வெளியீட்டுத் தேதியைக் குறியுங்கள். குறித்ததும் எனக்கு இணைப்பை அனுப்புங்கள், ஏழு பாட்டையும் வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.