பித்தப்பை நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி? – கேள்வி பதில்

நர்சிங் மாணவி, பெரம்பூர்: மேடம், டி-டியூப் (பித்தநாளத்திலிருந்து பித்தத்தை வெளியே எடுக்கும் குழாய்) வைத்த நோயாளிக்கு எவ்வளவு பித்தம் வந்தால் சரி?

முதல் 24 மணி நேரத்தில் 300 முதல் 500 மில்லி வரை வரும்மா. பித்தம் குடலுக்குள் இறங்க இறங்க, மூன்று நான்கு நாளில் 200 மில்லிக்குக் கீழே வந்துவிடும். கண்ணளவில் எழுதாதே, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஜாரில் ஊற்றி அளந்து, நிறத்தையும் சேர்த்து எழுது. குழாயிலிருந்து பித்தம் சேரும் பை வயிற்றின் மட்டத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும். தூக்கி வைத்தால் பித்தம் திரும்பி உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும்.

வரத்து திடீரென நின்றால் முதலில் போர்வையை விலக்கிப் பார். நோயாளி ஒருக்களித்துப் படுத்ததில் குழாய் விலாவுக்கடியில் மடிந்திருக்கும். மடிப்பு இல்லாமலே நின்று, வயிறு வலித்து, காய்ச்சலும் இருந்தால் குழாய் அடைத்திருக்கலாம், நகர்ந்திருக்கலாம். டியூட்டி டாக்டரைக் கூப்பிடு. நீயாகக் குழாயை மூட கிளாம்ப் (கிடுக்கி) போடாதே, தண்ணீர் செலுத்தியும் பார்க்காதே. குழாயைச் சுற்றிக் கசிகிற பித்தம் தோலைப் புண்ணாக்கிவிடும். டிரெஸ்ஸிங் நனைந்தால் உடனே மாற்று.

தாம்பரம் வாசகி: சிஸ்டர், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்தது வயிற்றில். அம்மாவுக்குத் தோள் வலிக்கிறதே?

வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி அது. ஓரிரு நாளில் அடங்கும். அன்று மாலையே டாக்டர் அனுமதித்தால் கைபிடித்து நடக்கவிடுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

வியாசர்பாடி வாசகர்: பித்தப்பையை எடுத்தாச்சு. இட்லி, வடை சாப்பிடலாமா சிஸ்டர்?

இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், தோல் நீக்கி வேகவைத்த கோழி எல்லாம் சரி. வடை, பூரி, பிரியாணி கொஞ்ச வாரம் வேண்டாம். பித்தத்தைச் சேர்த்து வைக்க இப்போது பை இல்லை. ஒரேயடியாக எண்ணெய் இறங்கினால் வயிறு உப்பும், பேதியாகும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னிகூட ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

எண்ணூர் வாசகர்: அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. இரவில் வலி வந்தால் சோடா கொடுக்கலாமா?

கூடாது. வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் கூட்டிப்போங்கள். ஏதாவது உள்ளே போனால் பித்தப்பை சுருங்கி வலி கூடும். அவசர அறுவைக்கும் வயிறு காலியாக இருக்க வேண்டும். வலது விலாவடி வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத்தில் தொற்று என்று சந்தேகித்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயுள்ள வயதானவர்களுக்கு வலி லேசாகவே இருக்கலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்திலும் மலம் வெளிறியும் போனால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.