கைய ஆட்டுனா கணக்கு வருமுங்களா?

கேள்வி: ஏனுங்க, என்ற பையன் நாலாவது படிக்கறான். கணக்கு மிஸ் கைய ஆட்டி ஆட்டித்தான் நடத்துவாங்களாம். இவனும் வீட்ல அதே மாதிரி ஆட்டறான், அவங்கப்பா "கையக் கட்டிட்டு படிடா"ன்னு சத்தம் போடறாரு. கவனம் செதறாதுங்களா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மொதல்ல அந்தக் கைய அவுத்துவிடச் சொல்லுங்க அம்மணி.

4+3+6 = __+6, இந்தக் கணக்க பையன்கிட்ட குடுத்துப் பாருங்க. சரியான விடை 7, ஆனா நெறைய பசங்க சமக்குறிக்கு முன்னாடி இருக்கறத மட்டும் கூட்டி 13-ன்னு எழுதும், சிலது எல்லாத்தையும் கூட்டி 19-ன்னு போடும், ஏன்னா சமக்குறின்னா 'விடைய எழுது'ன்னுதான் அதுக நெனச்சுக்கறது, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கோணும்ங்கறது வாயால எத்தன தடவ சொன்னாலும் ஏறாது. அதே டீச்சர் சொல்லிக்கிட்டே ரெண்டு வெரல விரிச்சு 4-க்கும் 3-க்கும் அடியில வெச்சு, அப்புறம் காலி எடத்த ஒத்த வெரல்ல காட்டுனா, இத ரெண்டையும் சேத்து அங்க போடுன்னு வாய் சொல்லாதத கை சொல்லிருது.

சிகாகோ யுனிவர்சிட்டில சூசன் கோல்டின்-மெடோன்னு ஒரு அம்மா பல வருசமா இதத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. 2009-ல அவங்க குழு வெளியிட்டதுல, இந்த வெரல் வேலைய பசங்களையே செய்ய வெச்சப்ப சும்மா இருந்த பசங்கள விட நல்லா கத்துக்கிட்டாங்க. 2013-ல வந்த இன்னொரு ஆய்வுல ஒரே பாடத்த கையோட ஒரு வீடியோ, கை இல்லாம ஒரு வீடியோன்னு எடுத்துக் காட்டுனாங்க, கையோட பாத்த பசங்க மறுநாள் டெஸ்ட்லயும் முந்திட்டாங்க. (பொறவியிலயே கண்ணு தெரியாதவங்க கூட பேசறப்ப கைய ஆட்டுவாங்க, 1998-லயே எழுதியிருக்காங்க. அப்பறம் பையன மட்டும் ஏன் கட்டிப்போடறது!)

ஆனா சும்மா காத்துல வீசற கை வேற, அதுல ஒண்ணும் கெடையாது. கை பாடத்தக் காட்டோணும். பெரிய வகுப்புல ஃபிளெமிங் இடது கை விதி வரும் பாருங்க, காந்தத்துக்கு நடுவுல கரண்ட் ஓடற கம்பி எந்தப் பக்கம் நகரும்னு வெரல்லயே கண்டுபுடிக்கறது, ஆள்காட்டி வெரல் காந்தப்புலம், நடுவெரல் கரண்ட், கட்டவெரல் கம்பி நகர்ற பக்கம். பரீச்சை ஹால்ல பசங்க மேசைக்கடியில வெரல முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கறது அதுக்குத்தான்.

அவங்கப்பாவுக்கு ஒரு வேலை குடுங்க. பையன் வாயில 13-ன்னு தப்பா சொல்றப்ப வெரல் எங்க போவுதுன்னு பாக்கச் சொல்லுங்க. 4, 3 ரெண்ட மட்டும் தொட்டுட்டு காலி எடத்துக்குப் போச்சுன்னா விசயம் பாதி புடிபட்டிருச்சுன்னு அர்த்தம், அந்த நேரத்துல சொல்லிக்குடுத்தா சட்டுனு ஏறிக்கும்.