சிப்ஸ் தொழில் தொடங்க வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் புளியரையில் வசிக்கிறேன், செங்கோட்டையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கராக மாதம் 24,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 18,000 ரூபாய். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் தயாரித்து, கேரளப் பக்கம் இருக்கும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க் கடைகளுக்குக் கொடுக்க எண்ணுகிறேன். ஒரு கிலோவுக்கு அடக்கவிலை 300 ரூபாய், கடைக்காரர் தருவது 350 ரூபாய். தினமும் 40 கிலோ வீதம் மாதம் 25 நாள் போட்டால் 50,000 ரூபாய் நிற்கும். கடைகளில் ஒரு மாதம் கடன் கேட்கிறார்கள். சேமிப்பு 5 லட்சம். அதில் இயந்திரம், கொட்டகை முன்பணம் எல்லாம் சேர்த்து 2,20,000 ஆகும். மனைவியின் நகை 12 பவுன் இருக்கிறது. 40 லட்சம் விற்பனை வரை ஜி.எஸ்.டி. தேவையில்லை என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? தொழில்முனைவோராக வெற்றி பெறத் துணிச்சல் போதுமா?

பதில்: துணிச்சல் உங்களிடம் இருக்கிறது, இல்லையென்றால் நிலையான சம்பளத்தில் இருக்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். சிறு தொழிலில் நிலைத்து நிற்பவரையும் இரண்டாம் ஆண்டில் கடையைக் கட்டுபவரையும் பிரிப்பது, விற்ற சரக்குக்கான பணம் என்று கைக்கு வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தக் கணக்குக்குள் மட்டும் தொழிலை நடத்தும் கட்டுப்பாடுதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கடிதத்தில் லாபக் கணக்கு இருக்கிறது; பணம் வரும் நாள் கணக்கு இல்லை.

அதை இப்போது போட்டுப் பார்ப்போம். இயந்திரமும் முன்பணமும் போக உங்கள் கையில் நிற்பது 2,80,000 ரூபாய். தினமும் 40 கிலோ போட 12,000 ரூபாய் செலவாகும். கடைக்காரர் ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருவார் என்றால், 23-ஆம் நாள் வேலை முடியும்போது 2,76,000 ரூபாய் செலவழிந்திருக்கும். மறுநாள் காய் வாங்கப் பணம் இருக்காது. வீட்டுச் செலவையும் இதிலிருந்தே எடுத்தால் அந்த நிலை இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடும். அன்றைய தேதியில் உங்கள் ஏட்டில் லாபம் 46,000 ரூபாய் என்றிருக்கும், கடைகளில் நிற்கும் பாக்கி 3,22,000 ரூபாயாக இருக்கும், வாணலி மட்டும் காய்ந்து கிடக்கும். தொழில் நட்டத்தில் போகவில்லை, ஆனால் நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் பலர் பதறிப்போய் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்குகிறார்கள். பிறகு லாபம் முழுவதும் அந்த வட்டிக்கே போய்ச் சேர்கிறது.

அடக்கவிலையான 300 ரூபாயையும் நீங்கள் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்று முதல் நான்கு கிலோ வரை காய் தேவைப்படுவதால், காய் விலை கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினாலே அடக்கவிலை 15 முதல் 20 ரூபாய் ஏறும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஏத்தன் விலை எப்படிப் போகும் என்பதை எல்லையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ சிப்ஸ் கால் கிலோ எண்ணெயையாவது உறிஞ்சும். 2025-இன் நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியதை நினைத்துப் பாருங்கள்: எண்ணெய் 100 ரூபாய் ஏறினால் உங்கள் 50 ரூபாய் லாபத்தில் பாதி போய்விடும். அதைவிடப் பெரியது திரும்பி வரும் சரக்கு. 40 கிலோவில் 4 கிலோ காறல் வாடையடித்தோ நொறுங்கியோ திரும்பினால் அன்றைய 2,000 ரூபாய் லாபத்தில் 1,400 ரூபாய் அதிலேயே கரைந்துவிடும். வண்டிச் செலவும் கொட்டகை வாடகையும் உங்கள் 300 ரூபாயில் சேர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் உழைப்புக்கான கூலி நிச்சயமாகச் சேரவில்லை.

ஜி.எஸ்.டி. பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மை. தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்பவருக்குத்தான் ஆண்டு விற்பனை 40 லட்சம் என்ற வரம்பு பொருந்தும். வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம்; ஆரியங்காவு உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. எளிய வரி கட்டும் காம்போசிஷன் முறையும் வெளிமாநிலத்துக்கு விற்பவருக்குக் கிடையாது. 2017-இல் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அதை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். பதிவு செய்தால் இயந்திரத்துக்கும் பேக்கிங் கவருக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதும், கணக்கராகிய உங்களால் மாதக் கணக்கை நீங்களே தாக்கல் செய்ய முடியும் என்பதும் உங்களுக்குச் சாதகம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் ஒரு பொட்டலம்கூட வெளியே போகக் கூடாது.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான். வேலையை இப்போது விடாதீர்கள். ஞாயிறன்றும் மாலை வேளைகளிலும் வீட்டாரோடு சேர்ந்து வாரம் 30 கிலோ மட்டும் போடுங்கள். வாரச் செலவு 9,000 ரூபாய். ஆறு வாரம் பணம் வராமல் நின்றாலும் முடங்குவது 54,000 ரூபாய்தான், அதைச் சேமிப்பு தாங்கும். முதல் ஆறு மாதம் எல்லைக்கு இந்தப் பக்கமே விற்றுப் பாருங்கள். குற்றாலத்தில் சாரல் காலக் கூட்டமும், கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகச் செல்லும் ஐயப்ப பக்தர்களும் கையில் காசு கொடுத்து வாங்குபவர்கள். கேரளத்து ருசி அறிந்தவர்களும் அவர்களில் நிறையப் பேர். உள்ளூர் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. பதிவுச் சுமையும் உடனே வராது. புனலூர்ச் சந்தைக்குப் பிறகு போகும்போது, எந்தக் காய் பொரித்தால் நன்றாக வருகிறது, எத்தனை நாளில் காறுகிறது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படியாகியிருக்கும். உற்பத்தியை வசூலாகி வந்த பணத்தின் அளவுக்கு மட்டுமே கூட்டுங்கள். ஆர்டர் வந்திருக்கிறது என்பதற்காகக் கூட்டாதீர்கள். முந்தைய பாக்கி தராத கடைக்குப் புதுச் சரக்கு இறக்காமல் திரும்பி வருவது மனத்துக்குக் கடினம். துணிச்சல் தேவைப்படும் இடம் அதுதான்.

வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தபா 2005-இல் பெங்களூரில் இட்லி, தோசை மாவுத் தொழிலுக்கு முதல் போட்டபோது தம் வேலையை உடனே விடவில்லை. உறவினர்கள் தொழிலை நடத்த, சில ஆண்டுகள் கழித்தே முழுநேரமாக அதில் இறங்கினார். பின்னாளில் அது பெரிய நிறுவனமாக வளர்ந்ததை அனைவரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் சில ஆண்டுகள்.

கடன் வாங்கும் கட்டம் அதன் பிறகு வரட்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இப்போதே இணையத்தில் செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் கூட்டுவட்டி உண்டு. பெட்டிக்கடையிடம் இதைக் காட்டிப் பயனில்லை, பெரிய பேக்கரிகளிடமும் சூப்பர் மார்க்கெட்டுகளிடமும் எழுத்தில் ஒப்பந்தம் போட உதவும். ஆறு மாத வங்கிக் கணக்கு கையில் இருந்தால் சிறு தொழில்களுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் கேட்கலாம். அதன் கிஷோர் என்ற பிரிவில் 5 லட்சம் வரை கிடைக்கும். இயந்திரத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், காய், எண்ணெய் வாங்கும் அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் புதிய தொழிலுக்கே, அந்த மானியத் தொகையும் மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக நிற்கும். அதைக் கைப்பணமாக எண்ணித் திட்டம் போடக் கூடாது, அதற்காக அவசரப்படவும் வேண்டாம்.

எல்லைத் தொழிலுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 2018 ஆகஸ்டு வெள்ளம் ஓண வியாபாரத்தையே அடித்துச் சென்றது; 2020-இல் எல்லைப் போக்குவரத்தே முடங்கியது. அதனால் ஆறு மாத வீட்டுச் செலவான 1,08,000 ரூபாயைத் தனி வைப்பில் போட்டு, தொழிலுக்கு அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா இல்லாத மூன்று மாதங்கள் தொடர்ந்து, எல்லாச் செலவும் போக உங்களுக்கான சம்பளம் 18,000 ரூபாய் தொழிலிலிருந்தே வந்து, ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் பாக்கியும் இல்லையென்றால், அப்போது ராஜினாமா கடிதம் கொடுங்கள்.

நகை உங்கள் மனைவியின் உடைமை. முடிவும் அவருடையதாக இருக்கட்டும். அவர் சம்மதித்தாலும் கடைகளுக்குக் கடன் கொடுப்பதற்காக அதை அடகு வைக்காதீர்கள். ஓணத்துக்காக, முன்பணத்தோடு உறுதியான ஆர்டர் கையில் இருந்து, நான்கைந்து வாரத்தில் பணம் திரும்பும் என்று தெரிந்தால், ஒரு பகுதியை மட்டும் வங்கியில் வைத்து அந்தச் சீசன் முடிந்ததும் மீட்டுவிடலாம்.