பழைய லேமினேட் மேடைப்பலகை: வெட்டலாமா, ஒட்டலாமா?

கேள்வி: வேறொரு சமையலறையிலிருந்து கழற்றிய 38 மி.மீ. லேமினேட் மேடைப்பலகைகள் இரண்டு கைவசம் உள்ளன. சர்க்குலர் சா (வட்ட மின்ரம்பம்) வைத்து அறுத்தால் மேல் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. இரண்டையும் நேராக இணைத்தால் தாங்குமா?

பதில்: தாங்கும். அறுக்கும் முன் பலகையைக் கவிழ்த்து, பழைய திருகு, ஆணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒன்று மிஞ்சினாலும் பிளேடு பல் போய்விடும். பழைய சிலிக்கான் பிசுக்கைச் சுரண்டி எடுங்கள். அது இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலே ஏறி அறுக்கும். லேமினேட் மேலே இருந்தால் பெயரத்தான் செய்யும். லேமினேட் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு அறுங்கள். ஜிக்சாவுக்கும் (மேலும் கீழும் ஓடும் மின்ரம்பம்) இதேதான். கைரம்பம் என்றால் லேமினேட் மேலே இருக்கட்டும். நெருக்கமான பல் உள்ள கார்பைடு பிளேடு வேண்டும்.

இணைக்கும் ஓரத்தை 2, 3 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்து, பிறகு நேர்ச்சட்டத்தை கிளாம்ப் போட்டு இறுக்கி, ரூட்டரால் (சுழலும் வெட்டுமுனை கொண்ட மின்கருவி) சீவி எடுங்கள். ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் போகாதீர்கள். 8 முதல் 10 மி.மீ. போதும். ரூட்டர் முன்விளிம்பில் நுழைந்து சுவர்ப் பக்கம் வெளியேற வேண்டும். சில்லு பெயர்ந்தாலும் சுவரோரம் போய்விடும். அடுத்த பலகையைக் கவிழ்த்துப் போட்டால் அதிலும் முன்விளிம்பிலிருந்தே தொடங்கலாம்.

60 செ.மீ. அகலத்துக்கு அடிப்பக்கம் குழி எடுத்து இரு பலகைகளையும் இழுத்துப் பிடிக்கும் மூன்று இணைப்பு போல்ட்டுகள் போடுங்கள். மேல்மட்டம் ஏறி இறங்காமல் இருக்க, நடுவே பிஸ்கட் மரத்துண்டுகள் (இரு முகத்திலும் எடுத்த பிளவில் செருகும் தட்டையான துண்டுகள்) வைக்கலாம். முதலில் பசையில்லாமல் பூட்டிப் பாருங்கள். பழைய பலகைகளில் தடிமன் அரை மி.மீ. மாறினாலும் விரலில் தட்டும்; மெலிந்த பலகைக்கு அடியில் அட்டை வைத்துச் சரிசெய்யுங்கள்.

இணைப்பு கெடுவது பெரும்பாலும் பாரத்தால் அல்ல, தண்ணீரால்தான். உள்ளே இருப்பது பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை); ஈரம் ஏறினால் உப்பும், பிறகு இறங்காது. எனவே வெட்டிய முகம் இரண்டிலும் இடைவெளியின்றி நீர்புகாப் பசை தடவுங்கள். மேல் விளிம்பில் மட்டும் லேமினேட் நிறத்துக்கான சீலன்ட்டை (இடைவெளி அடைக்கும் பசை) மெல்லிய கோடாக இடுங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கும்போது கோடு முழுக்க சீலன்ட் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் இடைவெளி இருக்கிறது என்று பொருள்: கழற்றி மறுபடி போடுங்கள். பிதுங்கியதை உலரும் முன் துடைத்துவிடுங்கள்.

இணைப்பின் அடியில் அலமாரியின் பக்கச்சுவரோ குறுக்குச் சட்டமோ கட்டாயம் வேண்டும். சிங்க், அடுப்புக்கான திறப்பிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: பழைய சிங்க் ஓரம் உப்பியிருக்கிறது. பசை ஏற்றி அழுத்தினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கெட்டியான பகுதி தெரியும்வரை வெட்டித் தள்ளுங்கள். அதற்குப் பலகை நீளம் போதாதென்றால், அந்தத் துண்டை இணைப்புக்கு எடுக்காதீர்கள்.