விதைநெல்லைப் பக்கத்து வயலுக்கு விற்றால் கேஸ் வருமா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்களுக்கு ஏலாவில் (வயல்வெளியில்) 40 சென்ட் வயல். போன கன்னிப்பூவுக்கு (வருடத்தின் முதல் நெல் போகம்) டி.பி.எஸ் 5 ரக விதை வாங்கி நட்டோம், நல்லா விளைஞ்சுது. அதிலேயே விதைக்கு எடுத்து வைத்த நெல்லைப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் விலைக்குக் கேட்கிறார்கள். விதைக்கடையில் விசாரித்தால், ‘அரசாங்க ரகத்தை நீங்க வித்தா கேஸ் வரும்’ என்கிறார்கள். நெல் விற்றது கணக்கில் ஏறினால் ரேஷன் அரிசியும் நின்றுவிடுமாம். நிஜமா?”

இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் கடைக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் பிரித்துவிடுவோம்.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-இல் வந்தது. புது ரகத்தை உருவாக்கியவருக்கு உரிமை கொடுக்கும் அதே சட்டம், 39-ஆம் பிரிவில் உழவரின் உரிமையையும் எழுதி வைத்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும், உங்கள் வயலில் விளைந்ததை நீங்கள் விதைக்கு எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கொடுக்கலாம், விற்கலாம். ரகத்தின் பெயரை அச்சிட்ட பையில் கட்டி, லேபிள் ஒட்டி விற்பதற்கு மட்டும்தான் தடை. 1966-ஆம் வருட விதைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும், சொந்தமாக விளைவித்ததைத் தன் இடத்தில் வைத்து, விதைக்கப் போகிறவரிடம் நேராகக் கொடுப்பவரை அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே முற்றத்தில் வைத்து மரக்காலால் அளந்து கொடுங்கள். கடை போட்டு விற்கத்தான் உரிமம் வேண்டும்.

2019-இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட விவசாயிகள்மீது ஒரு பன்னாட்டு நிறுவனம் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. அதில் பெரிதாக எழுந்தது இந்த 39-ஆம் பிரிவுதான். எதிர்ப்பு வலுத்ததும் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குக்கூடப் போகாது. டி.பி.எஸ் 5, நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் அம்பை 16-ஐயும் ஆடுதுறை 37-ஐயும் கலந்து எடுத்த ரகம். நம்மூர் வயலுக்கென்றே உருவானது, நம்மூர் வயல்களில் பரவத்தானே வேண்டும்!

இந்த மண்ணில் பசியை விரட்டிய பயிர் எப்படிப் பரவியது என்று யோசித்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அடுப்பை எரிய வைத்தது அந்தக் கிழங்குதான். நடுவதற்கான அதன் தண்டுக் கம்பை எந்தக் கடையும் விற்கவில்லை. வேலிக்கு மேலே கை மாறியே ஊரெல்லாம் போனது. அதே கம்போடுதான் தேமல் நோயும் வீடு வீடாகப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கொடுப்பது உங்கள் உரிமை. சுத்தமானதைக் கொடுப்பது உங்கள் கையில்.

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால் ரகம் சட்டென்று மாறிவிடாது. (வீரிய ஒட்டு நெல் என்றால் இந்தப் பேச்சே இல்லை, ஒவ்வொரு பூவுக்கும், அதாவது போகத்துக்கும், புது விதைதான்.) மாறுவது கலவனால்தான், அதாவது வேறு ரகச் செடிகள் கலப்பதால்தான். பூக்கும் சமயத்திலும் அறுப்புக்கு முன்னாலும் வயலில் இறங்கி, உயரம் கூடியது, வால் நீண்டது, நிறம் வேறானது எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். வரப்போரத்தை விட்டு நடுவயலில் விதைக்குத் தனியாக அறுங்கள். கன்னிப்பூ அறுப்பில் மழை விளையாட்டுக் காட்டும். ஈர நெல்லை ஒரு ராத்திரி குவித்துப் போட்டாலும் சூடேறி முளைப்புப் போய்விடும், அது ஒன்றுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் வரும்வரை காய வேண்டும். அளக்கக் கருவி இல்லையென்றால் பல்லில் வைத்துக் கடியுங்கள், ‘டக்’கென்று உடையணும். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

விற்பதற்கு முன் 100 நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். சான்று விதைக்குச் சட்டம் கேட்பது 80 முளைப்பு; அதற்குக் குறைந்தால் அரிசியாக்கிவிடுங்கள். விதைக்கும் நாளில் உப்புத் தண்ணீர் சோதனை செய்யச் சொல்லுங்கள்: தண்ணீரில் ஒரு நல்ல முட்டையைப் போட்டு, அதன் தலை பழைய 25 பைசா அளவுக்கு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். மூழ்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், மறந்தால் உப்பே முளையைக் கெடுக்கும். 40 சென்ட் நடவுக்குப் பத்துக் கிலோ போதும். மூன்று பூவுக்கு ஒருமுறை புது சான்று விதை வாங்கிவிடுங்கள். வாங்கும் பில்லையும் லேபிளையும் வைத்துக்கொள்ளுங்கள்: பதிவான ரகம், உருவாக்கியவர் சொன்னபடி பலன் தரவில்லையென்றால் இழப்பீடு கேட்கவும் அதே 39-ஆம் பிரிவில் வழி உண்டு.

இனி ரேஷன். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது; தமிழ்நாடு 2016 நவம்பர் 1-இல்தான் அதற்குள் வந்தது. இந்தச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிக வறிய அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. வேறு பல மாநிலங்களில் இந்தப் பட்டியலில் இல்லாதவர் பாடு திண்டாட்டம். நம் மாநிலம் எல்லோருக்கும் பொது விநியோகம் என்ற ஏற்பாட்டைக் கைவிடவில்லை. அதனால் கார்டில் என்.பி.எச்.எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தாலும் அரிசி உண்டு, மாநில அரசின் செலவில். முன்னுரிமைப் பட்டியலிலிருந்து விலக்க 2017-இல் வைத்த அளவுகோல்களில் நிலம் வருகிறது, ஆனால் 5 ஏக்கருக்கு மேல் இருந்தால்தான். 40 சென்ட் அதில் எங்கே? கொள்முதல் நிலையத்தில் தாராளமாக நெல் போடுங்கள்.

வரும் அரிசி வெள்ளையாக இருக்கிறது, சம்பா (சிவப்பரிசி) தின்று பழகிய வீட்டில் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்ற வருத்தம் நம் மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களில் நிறையப் பேருக்கு உண்டு. அது ருசி சமாச்சாரம், சட்டத்தால் தீராது.

யாராவது அரிசி தர மறுத்தால் கடையில் நின்று சண்டை போட வேண்டாம். 1967 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். இல்லையென்றால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் மனுவை எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.