பையன் எடை குறையணும் என்றால் சோற்றை நிறுத்த வேண்டுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 14 வயது, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ, கழுத்தின் பின்பக்கம் கருத்துப்போயிருக்கிறது. டாக்டர் 'லோ ஜி.ஐ. சாப்பாடு கொடுங்க', அதாவது ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சாப்பாடு, என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவர் இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சோறு, இட்லி, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தி, காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி ஓட்ஸ் கஞ்சி என்று மாற்றிவிட்டார். இப்போது வீட்டில் தினமும் சண்டை, பையன் பள்ளி கேன்டீனில் பப்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறான், எடையும் குறையவில்லை. அடுத்து என்ன செய்வது என்பது கேள்வி.

முதலில் சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அளவைக் குறைத்து, கூட வேறு பொருட்களைச் சேர்த்துத்தான், ஆனால் கொண்டுவாருங்கள்.

ஜி.ஐ., அதாவது கிளைசிமிக் இண்டெக்ஸ், எடை குறைப்பதற்காக வந்த கணக்கே இல்லை. 1981-ல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், சர்க்கரை நோயாளிகளுக்கு எது ஏற்ற உணவு என்று பார்ப்பதற்காக உண்டாக்கியது. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஒரு உணவை வெறும் வயிற்றில் சாப்பிடவைத்து, அடுத்த 2 மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பார்கள். குளுக்கோஸுக்கு 100. அதோடு ஒப்பிட்டு 55 வரை வந்தால் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். நம் பொன்னி அரிசிச் சோறு 70 பக்கம் வருகிறது என்று சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அளந்திருக்கிறது. கொண்டைக்கடலை 30-க்கும் கீழே.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் எங்கே போய் நிற்போம் தெரியுமா? சாக்லேட்டுக்கு சுமார் 40, சிப்ஸுக்கு 56, தர்பூசணிக்கு 76. அப்படியானால் தர்பூசணியை விட்டு சாக்லேட் கொடுக்கலாமா? சாக்லேட்டில், சிப்ஸில் எண்ணெயும் கொழுப்பும் அதிகம், அதனால் செரிமானம் மெதுவாகி எண் குறைந்துவிடுகிறது, கலோரி மட்டும் அப்படியே உடம்பில் சேர்கிறது. தர்பூசணியில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு கிண்ணம் சாப்பிட்டாலும் உள்ளே போகும் சர்க்கரை கொஞ்சம்தான். ஆக எண்ணோடு அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 150 கிராம் வெந்த சோற்றில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து இருக்கும், நம் வீட்டுப் பையன்கள் மதியம் அதைப்போல மூன்று மடங்கு சாதாரணமாகச் சாப்பிடுவார்கள். உங்கள் மகனுக்குப் பிரச்சினை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச்சத்து நிறைய, அதில் சந்தேகமில்லை. ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிவிட்டால் அது வேகமாகத்தான் செரிக்கும், சிறுதானியம் என்பதற்காகவே ஜி.ஐ. குறைந்துவிடாது. பாக்கெட் இன்ஸ்டன்ட் ஓட்ஸும் அப்படித்தான். எவ்வளவுக்கு அரைக்கிறோமோ, எவ்வளவுக்குக் குழைய வேகவைக்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் பசிக்கும்.

பசிதான் இதில் முக்கியமான விஷயம். 1999-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டேவிட் லுட்விக் குழுவினர் உடல் பருமனான 12 பையன்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கலோரி ஒன்றுதான், உணவு வேறு வேறு. ஒருநாள் இன்ஸ்டன்ட் ஓட்ஸ், ஒருநாள் முழு ஓட்ஸை உடைத்துச் செய்தது, ஒருநாள் காய்கறி ஆம்லெட்டும் பழமும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் சாப்பிட்ட நாளில், பிறகு அவர்களாகவே எடுத்துச் சாப்பிட்டது ஆம்லெட் நாளைவிட 81 சதவீதம் அதிகம். சர்க்கரை சட்டென்று ஏறினால் அதைக் குறைக்கும் இன்சுலினும் அதிகமாகச் சுரக்கும், கொஞ்ச நேரத்தில் சர்க்கரை சரிந்து மறுபடி பசி எடுக்கும். உங்கள் மகன் கேன்டீனுக்கு ஓடுவதற்கு ஒழுக்கக்குறைவு காரணமில்லை, வயிறு கேட்கிறது. அதற்காகத் திட்டாதீர்கள்.

அதே சமயம் இதை மந்திரமாகவும் நம்ப வேண்டாம். 2012-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு மாவுச்சத்தை நன்றாகக் குறைத்த உணவு, ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு, வெறுமனே அளவு குறைத்த உணவு என்று மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுமே பலன் தந்தன. மாவுச்சத்தை ரொம்பக் குறைத்ததைத்தான் பிள்ளைகளால் கடைப்பிடிக்க முடியவில்லை. எந்த முறையைப் பையன் முகம் சுளிக்காமல் மாதக்கணக்கில் தொடர்வானோ அதுதான் அவனுக்கு ஏற்றது.

சரி, தட்டுக்கு வருவோம். மதியம் புழுங்கலரிசிச் சோறு ஒரு கப், குழைய வடிக்காமல். தட்டில் பாதி இடம் பொரியல், கூட்டு, கீரைக்கு. உருளைக்கிழங்கு வறுவலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பருப்பு தண்ணீராக இல்லாமல் கெட்டியாக ஒரு கப், அல்லது முட்டை, மீன். முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோறு என்று பழக்கினாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். காலையில் இட்லி வேண்டும் என்றால் மூன்று, கூட ஒரு கிண்ணம் சாம்பாரும் ஒரு அவித்த முட்டையும். வாரத்தில் சில நாள் அடை, பெசரட்டு, முளைகட்டிய பயறு. வாழைப்பழம் தாராளமாக ஒன்று சாப்பிடட்டும், ரொம்பக் கனியாததாக இருந்தால் நல்லது.

உண்மையான சண்டை சாயங்காலம் நாலு மணிக்கு. பள்ளி விட்டு டியூஷன் போவதற்குள் பசி உச்சத்தில் இருக்கும், அந்த நேரத்தில் கையில் சுண்டலோ, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியோ, கொய்யாப்பழமோ, மோரோ இருந்துவிட்டால் பப்ஸ் ஆசை பாதி அடங்கும். ஒன்றும் இல்லாமல் 'வெளியே சாப்பிடாதே' என்று மட்டும் சொன்னால் நடக்காது. குடிப்பதையும் பாருங்கள்: 300 மி.லி. குளிர்பானத்தில் 30 கிராம் சர்க்கரை பக்கம் இருக்கிறது, பாலில் கலக்கும் சத்துமாவு பானங்கள் பலவற்றிலும் சர்க்கரை கணிசம். நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாற்றுவது எடைக்கு உதவாது. ஒரே ஒரு மாற்றம்தான் இந்த மாதம் முடியும் என்றால் இந்தப் பானங்களை நிறுத்துங்கள்.

அவனுக்குத் தனிச் சமையல் வேண்டாம். அப்பா, தங்கை, பாட்டி எல்லோருக்கும் இதே தட்டு. 'குண்டா' என்று வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாது, விருந்தாளி முன்னால் எடை பற்றிப் பேசக் கூடாது. இந்த வயதில் அது பிள்ளைகளை ஒளித்துச் சாப்பிடவோ, பட்டினி கிடக்கவோ தள்ளிவிடும். தினம் ஒரு மணி நேரம் விளையாட்டு, 8 முதல் 10 மணி நேரம் தூக்கம். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும்.

வாரா வாரம் எடை பார்க்க வேண்டாம், மாதம் ஒரு முறை போதும். அவன் இன்னும் வளர்கிறான். இப்போது அவனுடைய பி.எம்.ஐ., அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு, 31. எடை இதே 78 கிலோவில் நின்று உயரம் 8 செ.மீ. கூடினாலே 28-க்கு வந்துவிடும்.

கழுத்துக் கருப்பை மஞ்சள், தயிர் போட்டுத் தேய்க்காதீர்கள், அழுக்கு இல்லை அது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் அடையாளம். இதுவரை செய்யவில்லை என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொழுப்பு அளவு, கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றை டாக்டரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள், ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பலமாகக் குறட்டை விட்டாலோ, இடுப்பு அல்லது முழங்கால் வலித்து நொண்டி நடந்தாலோ, தாகமும் சிறுநீரும் திடீரென்று அதிகமானாலோ, சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.